டேபிள் டவுட்டு: கிளீன்னு பேர் வெச்சா கை சும்மா இருக்குமா?

இந்த மாசம் வந்த கேள்வியெல்லாம் ஏதோ பேசி வெச்ச மாதிரி பேர் பத்தியே வந்திருக்கு. டேட்டாபேஸ்ல ஒரு புது வசதிக்கு என்ன பேர் வெக்கறது, ஏற்கனவே வெச்ச பேர் ஏன் ஏமாத்துது, இப்படி. சரி, இந்தத் தடவ அதையே பேசிருவோம்.

கேள்வி: அண்ணா, நான் கொழிஞ்சாம்பாறைல இருந்து தினமும் வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போறேன். எங்க டீம் சின்னது. போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ் மேல ஒரு டூல் பண்றோம், நம்ம சித்தூர் பக்கத்து பால் சொசைட்டிக எல்லாம் உபயோகிக்கிற மாதிரி. இப்ப புதுசா ஒரு ஃபீச்சர், மூணு வருஷத்துக்கு முந்தின பால் ஊத்துன கணக்கெல்லாம் மெயின் டேபிள்ல இருந்து எடுத்து வேற டேபிளுக்குக் கொண்டு போயிரும். டீம் லீடு "டர்போ கிளீன்"னு வெக்கணும்ங்கறார், நான் "ஆர்கைவ்"ங்கறேன். யார் சரி?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, ரெண்டும் வேண்டாம். டர்போ கிளீன் சுத்தமா வேண்டாம், ஆர்கைவ் பாதி வேண்டாம். கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல போஸ்ட்கிரெஸ்காரங்களே பல வருஷம் பட்டிருக்காங்க.

9.6 வெர்ஷன் வரைக்கும் போஸ்ட்கிரெஸோட டேட்டா டைரக்டரிக்குள்ள பிஜி_எக்ஸ்லாக், பிஜி_கிளாக்னு ரெண்டு ஃபோல்டர் இருந்துச்சு. கூடவே பிஜி_லாக்னு ஒண்ணும் இருக்கும். இதுல பிஜி_லாக் மட்டும்தான் நாம நெனைக்கிற லாகு, எர்ரர் மெசேஜ் வந்து விழுகுற எடம், பழசை அழிச்சாலும் குடி முழுகிறாது. எக்ஸ்லாக் அப்படியில்ல, டேபிள்ல ஒரு மாத்தம் போறதுக்கு முன்னாடியே அதை எழுதி வெக்கிற எடம், திடீர்னு கரண்ட் போயி மெஷின் படுத்துருச்சுன்னா மறுபடி எந்திரிக்கறப்ப அதைப் படிச்சுத்தான் டேட்டாபேஸ் தன்னைச் சரி பண்ணிக்கும். கிளாக்ல இருக்கறது எந்த ட்ரான்சாக்‌ஷன் கமிட் ஆச்சு (அதாவது முழுசா முடிஞ்சு பதிவாச்சு), எது ஆகலைங்கற கணக்கு. அது போச்சுன்னா டேபிள்ல இருக்கற வரி செல்லுமா செல்லாதான்னே தெரியாது.

இப்ப ராத்திரி ரெண்டு மணின்னு வெச்சுக்கங்க, டிஸ்க் நூறு பர்சென்ட் ரொம்பி சர்வர் நின்னு போச்சு, பாதித் தூக்கத்துல ஒருத்தர் எந்த ஃபோல்டர் பெருசுன்னு பாக்கறார், எக்ஸ்லாக்னு காட்டுது, பேர்லயே லாக் இருக்கே, லாகுதானேன்னு அழிச்சு விட்டுடறார். அவ்வளவுதான், காலைல பேக்கப் இருக்கான்னு ஆள் தேட வேண்டியதுதான். இப்படி அழிச்சவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்லீங்க. அதனாலதான் 2017 அக்டோபர்ல வந்த பத்தாம் வெர்ஷன்ல எக்ஸ்லாக்கை பிஜி_வால்னும் கிளாக்கை பிஜி_எக்ஸாக்ட்னும் மாத்துனாங்க. வேலை அதேதான், பேர்தான் வேற. (சொல்லப்போனா, அந்த ஃபோல்டர் வீங்குச்சுன்னா நோய் வேற எங்கயோ இருக்கும். ஆர்கைவ் கமாண்ட் ஃபெயில் ஆகிட்டே இருக்கும், இல்லைன்னா இன்னொரு சர்வருக்குக் காப்பி அனுப்பறதுக்காக வெச்சு, எப்பவோ விட்டுட்டுப் போன ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒண்ணு புடிச்சு வெச்சிருக்கும். அதைச் சரி பண்ணா ஃபோல்டர் தானா எறங்கிரும், கையால அழிக்காதீங்க.)

இதுல ஒரு சங்கதி இருக்கு. "வால்"ங்கறது (ரைட்-அஹெட் லாக்ங்கறதோட சுருக்கம்) நல்ல பேரா? பாத்த உடனே யாருக்கும் ஒண்ணும் புரியாது. ஆனா புரியாததுதான் அதோட பலமே. புரியலைன்னா மனுசன் நிப்பான், யார்கிட்டயாவது கேப்பான், மேனுவலைத் தொறப்பான். லாக்னு இருந்தா புரிஞ்ச மாதிரி இருக்கும், கை தானா போயிரும். புரியாத பேரை விட தப்பா புரியற பேர்தான் மோசம், என்னோட கட்சி இதுதான்.

இதை வெச்சு உங்க டர்போ கிளீனைப் பாருங்க. கிளீன்னா சொசைட்டி செக்ரட்டரி என்ன நெனைப்பார்? குப்பை போகும், எடம் மிச்சமாகும், வேகமாகும். உங்க ஃபீச்சர் குப்பையை எடுக்கலியே, உறுப்பினரோட பழைய கணக்கையில்ல எடுக்குது. எடமும் உடனே மிச்சமாகாது, போஸ்ட்கிரெஸ்ல வரியை டெலீட் பண்ணா ஃபைல் சைஸ் சாதாரணமா அப்படியேதான் இருக்கும், அந்த எடத்தை அதே டேபிள் மறுபடி எடுத்துக்கும், அவ்வளவுதான். உடனே ஒருத்தர் "எடம் வரலியே"ன்னு வேக்கம் ஃபுல்ங்கற கமாண்டை ஓட்டுவார். அந்தப் பேரும் இதே ஜாதி. ஃபுல்னா இன்னும் நல்லா சுத்தம் பண்ணும்னு தோணும், ஆனா அது டேபிள் முழுசையும் புதுசா இன்னொரு காப்பி எழுதும், அதுக்கு டிஸ்க்ல தனியா எடம் வேணும், முடியற வரைக்கும் டேபிளைப் பூட்டி வெச்சிரும், ஒரு செலக்ட் கூட, அதாவது சும்மா படிக்கறது கூட ஓடாது. காலைல அஞ்சரைக்கு கேனோட லைன் நிக்கறப்ப, கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு போக பால்ல இருக்கற மீதிச் சத்து) பாத்து முடிச்சும் சிலிப் வராம பிரிண்டர் சும்மா நின்னா அந்த செக்ரட்டரி உங்களுக்குத்தான் போன் போடுவார்.

ஆர்கைவ் ஏன் பாதி வேண்டாம்னா, போஸ்ட்கிரெஸ்ல அந்தப் பேரை ஏற்கனவே வேற ஆள் எடுத்தாச்சு. ஆர்கைவ் மோட், ஆர்கைவ் கமாண்ட் எல்லாம் மேல சொன்ன வால் ஃபைலைக் காப்பி எடுத்து வெக்கற வேலைக்கு. உங்க டூல்ல "ஆர்கைவ் ஆன்"னு ஒரு பட்டன் இருந்தா நாளைக்கு ஒரு டிபிஏ (டேட்டாபேஸைப் பாத்துக்கற ஆள்) வந்து பாத்துட்டு பேக்கப் ஓடிட்டு இருக்குன்னு நிம்மதியா போயிருவார். ஏற்கனவே க்ளஸ்டர்ங்கற பேர் அங்க படற பாட்டைப் பாருங்க. ஒரு சர்வரோட மொத்த டேட்டாவுக்கும் க்ளஸ்டர்னு பேர், இண்டெக்ஸ் வரிசைல டேபிளை அடுக்கற கமாண்டுக்கும் க்ளஸ்டர்னு பேர், ஊர்ல மத்தவங்க எல்லாரும் நாலு மெஷின் சேந்தாத்தான் க்ளஸ்டர்ங்கறாங்க. புதுசா வர்ற பசங்க இன்டர்வியூல முழிக்கறதுல தப்பே இல்ல.

என்ன வெக்கலாம்? பத்தாம் வெர்ஷன்ல ஒரு பெரிய டேபிளைத் துண்டு துண்டா பிரிச்சு வெக்கற பார்ட்டிஷன் வந்தப்ப டிடாச் பார்ட்டிஷன்னு ஒண்ணு வெச்சாங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச பேர். கழட்டறோம், தூக்கிப் போடல, அது அங்கயேதான் இருக்கும், அட்டாச் பண்ணா திரும்பி வரும். ஜோடியும் சேந்தே இருக்கு. நீங்களும் அப்படி வைங்க. கமாண்ட் "மூவ்_ஓல்ட்_ரோஸ்", மெனுல "பழைய கணக்கை வேற டேபிளுக்கு மாத்து", பக்கத்துலயே "திரும்பக் கொண்டா". எத்தனை பழசுன்னு கேக்கற எடத்துல வெறும் "கீப்"னு போட்டு 3னு அடிக்க விடாதீங்க, மூணு நாளா, மாசமா, வருஷமா? "கீப்_இயர்ஸ்"னு அளவையும் பேர்லயே சேத்துருங்க. போஸ்ட்கிரெஸ்ல வால்_கீப்_செக்மென்ட்ஸ்னு ஒரு செட்டிங் இருந்துச்சு, எத்தனை செக்மென்ட் (வால் ஃபைல்) வெச்சுக்கணும்னு எண்ணிக்கை கொடுக்கணும், 2020ல வந்த 13ல அதை எம்பி கணக்குக்கு மாத்துனாங்க, மாத்துனப்ப பேரையும் வால்_கீப்_சைஸ்னு மாத்திட்டாங்க. பழைய பேரையே விட்டு அர்த்தத்தை மட்டும் மாத்தியிருந்தா எத்தனை சர்வர் கவுந்திருக்குமோ.

கடைசியா ஒரு சோதனை. பேரை மட்டும் ஒரு சீட்டுல எழுதி, டூலைப் பாக்காத ஒரு செக்ரட்டரிகிட்ட நீட்டி "இதை அமுக்குனா என்னங்க ஆகும்?"னு கேளுங்க. சரியா சொன்னா சந்தோசம். தெரியலைன்னாலும் ஒண்ணும் மோசமில்ல. தைரியமா தப்பா சொன்னாத்தான் அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடோணும். உங்க லீடுகிட்டயும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, சண்டை அங்கயே தீந்துரும்.

கேள்வி: சார், மேக்ஸ்_வால்_சைஸ் 1 ஜிபின்னுதான் இருக்கு. ஒரு பெரிய இம்போர்ட் ஓட்டுனப்ப போஸ்ட்கிரெஸோட பிஜி_வால் ஃபோல்டர் 6 ஜிபி தாண்டிருச்சு. இது சாஃப்ட்வேர் பக்-ஆ?
— வாசகர், கஞ்சிக்கோடு

பக் இல்லீங்க, பேர்தான் பக். அது ஒரு கறாரில்லாத எல்லை, செக்பாயின்ட் (மாத்தத்தையெல்லாம் டேபிள் ஃபைல்ல எழுதி முடிக்கற வேலை) எப்ப போடறதுன்னு முடிவு பண்றதுக்கு வெச்சது, லோடு ஜாஸ்தியானா தாண்டும்னு மேனுவல்லயே இருக்கு. தாண்டும்னா அதுக்கு மேக்ஸ்னு பேர் வெச்சிருக்கவே கூடாது, டார்கெட்னு வெச்சிருக்கலாம். டிஸ்க் வாங்கறப்ப இந்த நம்பரை நம்பி அளந்து வாங்காதீங்க, நல்லா தாராளமா விடுங்க. எனேபிள்_செக்ஸ்கேனும் இதே கதைதான், ஆஃப் பண்ணா டேபிளை மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிக்கறது நின்னுரும்னு நெனைப்போம், ஆனா வேற வழி இல்லைன்னா பிளானர் (எந்த வழில தேடறதுன்னு முடிவு பண்ற பகுதி) அதையேதான் எடுக்கும்.

கேள்வி: சேட்டா, நாங்க சித்தூர்ல அரசு வேலைக்கான பிஎஸ்சி பரீட்சைக்கு கோச்சிங் சென்டர் நடத்தறோம். மாதிரிப் பரீட்சை ரேங்க் லிஸ்ட் போட ஒரு பழைய பிஎச்பி சாஃப்ட்வேர் இருக்கு. டேட்டாபேஸை மைஎஸ்கியூஎல் 5.7ல இருந்து 8க்கு மாத்துனதும் ரேங்க் லிஸ்ட் பக்கம் மட்டும் 1064 எர்ரர். மத்ததெல்லாம் ஓடுது. நாங்க எதையும் தொடவே இல்ல.
— வாசகி, சித்தூர், பாலக்காடு

நீங்க தொடலீங்க, அவங்கதான் தொட்டாங்க. உங்க டேபிள்ல "ரேங்க்"னு ஒரு காலம் (column, நெட்டு வரிசை) இருக்குமே? 2018 ஏப்ரல்ல 8.0 வந்தப்ப விண்டோ ஃபங்ஷன்னு ஒரு கூட்டமே உள்ள வந்துச்சு, அதுல ஒண்ணு ரேங்க். அதுக்காக அந்த வார்த்தையவே ரிசர்வ் பண்ணிட்டாங்க, இனி அதை அப்படியே பேரா எழுதுனா எழுதுன விதம் தப்புன்னு 1064 வரும். கேரளாவுல ரேங்க்னு ஒரு காலம் இல்லாத கோச்சிங் சென்டர் சாஃப்ட்வேர் உண்டுங்களா! கூடவே குரூப்ஸ்ங்கற வார்த்தையும் போச்சு, குடும்பஸ்ரீ (பொம்பளைங்க சுயஉதவிக் குழு) கணக்கு எழுதற யாராவது டேபிளுக்கு அந்தப் பேர் வெச்சிருந்தா அவங்களுக்கும் இதே 1064தான். இதுல எனக்கு எரிச்சல் என்னன்னா, குரூப்ஸ்ங்கற அந்த ஃப்ரேம் வசதிய 8.0ல எழுதிப் பாத்தா "சப்போர்ட் இல்ல"ன்னு எர்ரர்தான் வரும். எலைய விரிச்சு வெச்சுட்டு சோறு போடல.

உங்களுக்கு இப்போதைக்கு வழி, எஸ்கியூஎல் எழுதியிருக்கற எடத்துல ரேங்க்கைச் சுத்தி பேக்டிக் (` குறி) போடுங்க, இல்லைன்னா டேபிள் பேரும் புள்ளியும் முன்னாடி சேத்து எழுதுங்க, புள்ளிக்குப் பின்னாடி வர்ற பேரை அது தடுக்காது. டைம் கெடச்சா காலம் பேரையே "பரீட்சை ரேங்க்"னு வர்ற மாதிரி மாத்திருங்க.

புது ஃபீச்சருக்குப் பேர் வெக்கறவங்களும் இதை ஒரு தடவ படிக்கலாம். போஸ்ட்கிரெஸ்ல இதே ரேங்க் 2009லயே 8.4ல வந்துருச்சு, அங்க அது வெறும் ஃபங்ஷன் பேர், ரிசர்வ் கிடையாது, காலத்துக்கும் அதே பேர் வெச்சுக்கலாம். ஊர்ல எல்லாரும் புழங்கற வார்த்தையைப் புடுங்காமயே வேலைய முடிச்சுட்டாங்க.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர்ல டைம்ஸ்டேம்ப் டைப்ல ஒரு காலம் வெச்சேன், தேதியே வரல, என்னமோ ஹெக்ஸ் நம்பரா வருது?
— வாசகர், கொல்லங்கோடு

அது தேதியும் இல்ல, நேரமும் இல்ல. வரி ஒவ்வொரு தடவ மாறும்போதும் ஏறிட்டே போற 8 பைட் நம்பர். அதோட சரியான பேர் ரோவெர்ஷன், மைக்ரோசாஃப்டே டைம்ஸ்டேம்ப்ங்கற பேரை இனிமே உபயோகிக்காதீங்கன்னு எழுதி வெச்சிருக்கு. உங்களுக்கு வேண்டியது டேட்டைம்2. நேரம் எப்படியும் அதுலதான் இருக்கும்னு நெனச்சு ஒரு வருஷம் சேத்து வெச்சிருந்தீங்கன்னா, மன்னிக்கணும், அதுல இருந்து நேரத்தை எடுக்கவே முடியாது.

கேள்வி: ஐயா, எங்க வீட்டுல தாத்தா காலத்துத் தமிழ்ப் பத்திரங்கள் இருக்கு. அதுல முந்திரி, காணி, மா எல்லாம் குறியாவே போட்டிருக்கும். பேரன் மைஎஸ்கியூஎல்ல ஏத்தித் தர்றான். சாதாரணத் தமிழ் நல்லா ஏறுது, அந்தக் குறி வந்த எடத்தோட வரி அறுந்து போகுது. கேரக்டர் செட் யுடிஎஃப்8னுதான் இருக்குன்னு சொல்றான்.
— வாசகர், நல்லேப்பிள்ளி

ஐயா, பேரன் மேல தப்பில்லீங்க. யுடிஎஃப்8ங்கறது எல்லா மொழி எழுத்தையும் கம்ப்யூட்டர்ல பைட்டா சேமிக்கற முறை. மைஎஸ்கியூஎல்ல யுடிஎஃப்8னு பேர் வெச்சது முழு யுடிஎஃப்8 கிடையாது, ஒரு எழுத்துக்கு மூணு பைட் வரைக்கும்தான் தாங்கும். நம்ம க, ங, ச எல்லாம் சரியா மூணு பைட், மலையாளமும் அப்படித்தான், அதனால வருஷக்கணக்கா யாருக்கும் தெரியாமயே ஓடிரும். நீங்க சொல்ற முந்திரி, காணிக் குறியெல்லாம் 2019ல யூனிகோட் 12ல தனியா "தமிழ் சப்ளிமென்ட்"னு சேத்தாங்க, மொத்தம் 51 குறி, எல்லாமே நாலு பைட். செட்டிங் கடுசா இருந்தா எர்ரர் வரும், இல்லைன்னா அந்த எடத்துல இருந்து மீதி வரி வெட்டுப்பட்டுரும். உங்களுக்கு நடந்தது ரெண்டாவது. மூஞ்சி பொம்மை போடற எமோஜிக்கும் இதே கதிதான்.

பேரன்கிட்ட டேபிளை யுடிஎஃப்8எம்பி4க்கு மாத்தச் சொல்லுங்க, கனெக்‌ஷன் செட்டிங்லயும் அதையே போடணும், ஒண்ணை மட்டும் மாத்துனா பத்தாது. 2010லயே அந்த எம்பி4 வந்துருச்சு, ஆனா பழசு நல்ல பேரைப் புடிச்சு வெச்சுக்கிட்டதால சரியானதுக்கு இந்த வாய்ல நுழையாத பேர். வெட்டுப்பட்டது திரும்ப வராதுங்க, பத்திரத்தைப் பாத்து மறுபடி அடிக்கணும்.

கேள்வி: அண்ணா, நான் அட்சயா சென்டர்ல (அரசு சேவைக்கெல்லாம் ஆன்லைன்ல பதிவு பண்ணித் தர்ற எடம்) இருக்கேன். எங்க ஊர்ல தமிழ், மலையாளம் ரெண்டும் புழங்கும். டேபிள் பேர், காலம் பேரெல்லாம் தமிழ்லயே வெச்சா என்னன்னு ஆசை. போஸ்ட்கிரெஸ் ஏத்துக்குமா?
— வாசகி, வேலந்தாவளம்

ஏத்துக்கும் அம்மிணி, நல்லாவே ஏத்துக்கும். ஆனா ரெண்டு குழி இருக்கு, பாத்துக் கால் வைங்க.

மொதக் குழி, பேர் 63 பைட்டுக்கு மேல போகக் கூடாது. இங்கிலீஷ்ல அது 63 எழுத்து, நமக்கு ஒரு குறிக்கு மூணு பைட்டுன்னா 21 குறிதான், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியா எண்ணப்படும். "கொழிஞ்சாம்பாறை" ஒண்ணே 14 குறி, 42 பைட். "கொழிஞ்சாம்பாறை_பால்_சங்கம்"னு டேபிள் போட்டா 74 பைட் வரும். அது சண்டைக்கு வராது, ஒரு நோட்டீஸ் மட்டும் போட்டுட்டு "கொழிஞ்சாம்பாறை_பால்_சங"ன்னு வெட்டிரும். அடுத்து "கொழிஞ்சாம்பாறை_பால்_சங்க_கணக்கு"ன்னு ஒண்ணு போட்டீங்கன்னா அதுவும் அதே எடத்துல வெட்டுப்படும், "ஏற்கனவே இருக்கு"ன்னு சொல்லும், நீங்க ஸ்க்ரீனைப் பாத்து முழிப்பீங்க.

ரெண்டாவது கொஞ்சம் நயவஞ்சகம். "கொ"வை ரெண்டு விதமா அடிக்கலாம், ஒகரக் குறி ஒண்ணா வர்றது ஒரு வகை, ஒத்தைக் கொம்பும் காலும் தனித்தனியா வந்து ஒட்டிக்கறது ஒரு வகை. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், பைட் வேற. போஸ்ட்கிரெஸ் டேபிள் பேர்ல அதையெல்லாம் ஒண்ணாக்கிப் பாக்காது, ஒரு கீபோர்டுல உண்டாக்குன டேபிள் இன்னொரு கீபோர்டுல தேடுனா "இல்ல"ன்னு சொல்லும். போஸ்ட்கிரெஸ் 13ல இருந்து அதையெல்லாம் ஒண்ணாக்கற நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அது உள்ள இருக்கற டேட்டாவுக்கு, பேருக்கு உதவாது.

அதனால என் யோசனை, உள்ள இருக்கற பேர் சின்னதா இங்கிலீஷ் எழுத்துலயே இருக்கட்டும், ஜனங்க பாக்கற ஸ்க்ரீன்ல தமிழ் ஒரு லேபிள், மலையாளம் ஒரு லேபிள். லேபிளுக்கு எந்த பைட் கணக்கும் கெடையாது, அங்க தாராளமா, புரியற மாதிரி எழுதுங்க. கவுன்டருக்கு வர்ற பாட்டி டேபிள் பேரைப் படிக்கப் போறதில்ல.

கேள்வி: தப்பான பேர்னு பின்னாடி தெரிஞ்சா மாத்தலாமா, இல்ல அப்படியே விட்டுரலாமா? கஸ்டமர்ஸ் திட்டுவாங்களே.
— வாசகர், கோவிந்தாபுரம்

எப்ப மாத்தறீங்கங்கறதைப் பொறுத்து திட்டு கூடும் கொறையும். ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடின்னா திட்டே இல்ல. 2016ல போஸ்ட்கிரெஸ் 9.6 பீட்டாவுல இருந்தப்ப மேக்ஸ்_பேரலல்_டிகிரின்னு ஒரு செட்டிங் இருந்துச்சு, ஒரே வேலையை எத்தனை பேரா பிரிச்சுச் செய்யலாம்னு சொல்றதுக்கு. டிகிரி 2ன்னா மொத்தம் ரெண்டு பேரா, மேஸ்திரிய விட்டுட்டு ரெண்டு பேரா? அதை மேக்ஸ்_பேரலல்_வொர்க்கர்ஸ்_பெர்_கேதர்னு மாத்திட்டாங்க. பேர் ரயில் நீளம்தான், ஆனா குழப்பம் இல்ல.

ரிலீஸுக்கு அப்புறம்னா ரெண்டு பேரையும் கொஞ்ச வருஷம் சேத்து ஓட்டுங்க. மைஎஸ்கியூஎல் ரெப்ளிகேஷன்ல (ஒரு சர்வர் டேட்டாவை இன்னொண்ணுக்குக் காப்பி பண்றதுல) மாஸ்டர், ஸ்லேவ்ங்கற பேரை விட்டு சோர்ஸ், ரெப்ளிகாவுக்கு மாறுனப்ப அப்படித்தான் பண்ணாங்க, 2020ல 8.0.22ல ஸ்டார்ட் ரெப்ளிகா வந்துச்சு, ஸ்டார்ட் ஸ்லேவும் கூடவே ஓடுச்சு, 2024ல 8.4 வந்தப்பத்தான் பழசை எடுத்தாங்க. மேல சொன்ன எக்ஸ்லாக் விஷயத்துல போஸ்ட்கிரெஸ்காரங்க அந்தக் கருணை காட்டல, ஃபங்ஷன் பேர் எல்லாத்தையும் ஒரே வெர்ஷன்ல மாத்துனாங்க, மானிட்டரிங் ஸ்கிரிப்ட் வெச்சிருந்தவங்க எல்லாம் ஒக்காந்து திருத்துனாங்க. மாத்துனது சரி, மாத்துன விதத்துல எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

கேள்வி: விண்டோஸ் டெம்ப் ஃபோல்டர்ல "எடில்க்ஸ்"னு ஆரம்பிக்கற ஃபைல் கெடக்குது. வைரஸா?
— வாசகர், மேனோன்பாறை

இல்லீங்க, எஸ்கியூலைட்டுங்கறது மத்த சாஃப்ட்வேருக்குள்ள வெச்சுக்கற சின்ன டேட்டாபேஸ், இங்கிலீஷ்ல அந்த எழுத்தைப் பின்னாடி இருந்து படிங்க. முன்னாடி நேர் பேர்தான் இருந்துச்சு. ஒரு ஆன்ட்டிவைரஸ் கம்பெனி தன்னோட சாஃப்ட்வேருக்குள்ள எஸ்கியூலைட்டை வெச்சுது, டெம்ப்ல அந்தப் பேர்ல ஃபைல் கெடக்கறதைப் பாத்த ஜனங்க கூகுள்ல தேடி, எஸ்கியூலைட் எழுதுனவங்க போன் நம்பரைக் கண்டுபுடிச்சு, ராத்திரில எழுப்பித் திட்டியிருக்காங்க. 2006ல பேரைத் திருப்பிப் போட்டுட்டாங்க, இந்தக் காரணத்தை அவங்க கோடுலயே கமெண்ட்டா எழுதியும் வெச்சிருக்காங்க. அந்த ஃபைலை எந்த சாஃப்ட்வேர் உண்டாக்குச்சோ அதை மூடுனா பெரும்பாலும் தானா போயிரும், ஓடிட்டு இருக்கறப்ப அழிக்க வேண்டாம்.